தாருக்கும் மண்ணுக்கும் ஒரே ஷூ

ஒரு நாள் காலை டீ குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். கரும்புக் கொல்லை ஓரத்தில் மோட்டார் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண், தூரத்து உறவில் எனக்கு மருமகள் முறை. என்னைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா மாமா, ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல ஒண்ணுமில்ல. எந்த சாமிக்கு வேண்டுதல்?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

திரும்பிப் போய்த் தேடினேன். தார் ரோட்டிலிருந்து எங்கள் ஊர் மண் பாதைக்கு இறங்கும் இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்து மோட்டார் கொட்டகைக்கு இரண்டு கொல்லை தூரம் இருக்கும். கருவேல முள்ளும் வெட்டின கரும்பின் அடிக்கட்டையும் கிடக்கிற பாதை. அதில் ஒரு வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அவள் சிரித்ததற்கு நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து என் சம்சாரத்திடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. என் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்காலைத் தடவித் தடவிப் பார்த்தாள். இரண்டு இடத்தில் முள் ஏறியிருந்தது. ஊக்கு முனையால் எடுத்தாள். எடுக்கும்போது நான் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சக்கரை வியாதிதான். எத்தனை வருஷமாக என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. கண்டுபிடித்தது பிறகுதான், வந்தது எப்போது என்று யாருக்குத் தெரியும். முதலில் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு பஞ்சு மேல் நடக்கிற மாதிரி. பிறகு எறும்பும் இல்லை, பஞ்சும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு முள் ஏறி, ஏறினதே தெரியாமல் நாலைந்து நாள் நடந்து, சீழ் வைத்து, கடலூரில் இடது காலின் இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள். பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே இப்போது ஒரு சந்து இருக்கிறது.

முள் எடுத்த மறுநாள் அதே கடலூருக்குப் போனோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். பொறுமையானவர். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை வைத்துப் பாதத்தில் அங்கங்கே குத்துவார். குத்தும்போது தெரிந்தால் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு அவர் முன்னால் தோற்றுப்போகக் கூடாது என்று ஒரு வீம்பு. அவருடைய நாற்காலி கிறீச்சிடும்போதெல்லாம் "தெரியுது", "தெரியுது" என்றேன்.

"பெரியவரே, நான் இன்னும் குத்தவேயில்ல. பேனா கீழ விழுந்துச்சு, எடுத்தேன்" என்றார்.

சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் சொன்னது இதுதான். தினமும் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் சக்கரை ஏறும். ஆனால் காலில் புண் வரக் கூடாது. இன்னொரு புண் வந்தால் இந்த முறை விரலோடு நிற்காது. செருப்பு வேண்டாம், கழன்றால் உங்களுக்குத் தெரியாது. மூடின ஷூ, கயிறு கட்டுகிற ஷூ, முன்னால் விரலுக்கு நல்ல இடம் விட்ட ஷூவாகப் பார்த்து வாங்குங்கள்.

நடக்க வேண்டும், ஆனால் நடப்பதால் எதுவும் ஆகிவிடக் கூடாது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அன்றைக்கு என்னோடு வந்திருந்தவன் என் சம்சாரத்தின் தம்பி. நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பான். "வா மாமா, மஞ்சக்குப்பத்துல ஒரு கடை இருக்கு. கிரவுண்டுல ஓடுற பசங்க எல்லாம் அங்கதான் வாங்குறானுங்க" என்று அழைத்துப் போனான். சம்சாரம் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்க வரிசையில் நின்றாள்.

கடையில் சுவர் முழுக்க ஷூ. ஒவ்வொன்றும் ஒற்றைக்கால்தான். ஜோடியில் இன்னொன்று எங்கே என்று எனக்கு முதலில் பயமாக இருந்தது, செருப்பைத் தொலைத்த பயம் போகவில்லை. கடைக்காரர் கேட்டார்:

"எங்க நடப்பீங்க? ரோட்டுலயா, மண்ணுலயா?"

"ரெண்டுலயும்."

"எது ஜாஸ்தி?"

நான் யோசித்தேன். வீட்டிலிருந்து இறங்கினால் மண் பாதை. மழை பெய்தால் களிமண், வெயில் அடித்தால் கட்டாந்தரை, ஆலைக்குக் கரும்பு போகிற காலத்தில் டிராக்டர் சக்கரம் உழுதுபோட்ட வரப்பு வரப்பான தடம். அப்புறம் தார் ரோடு, டீக்கடை, பஸ் நிற்கும் இடம். திரும்பவும் மண். எது ஜாஸ்தி என்று என் கால் ஒரு காலத்தில் சொல்லியிருக்கும்.

"பாதிக்குப் பாதின்னு வச்சிக்கங்க" என்றேன்.

இரண்டு ஷூவை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்றின் அடி வழவழவென்று மெத்தை மாதிரி இருந்தது. இன்னொன்றின் அடியில் விரல் நுழைகிற அளவுக்குப் பல் பல்லாக இருந்தது.

மச்சான் பல் வைத்ததைத் தூக்கிக்கொண்டான். "இதான் மாமா. டிராக்டர் பின்சக்கரம் கணக்கா இருக்கு பாரு. சேத்துல ஏறும், கல்லுல ஏறும்."

"தார்ல?" என்றேன்.

"தார்ல ஏறாம? டிராக்டர் தார்ல போகலியா?"

"போவுது, பல்லு தேஞ்சிபோவுதே" என்றேன். கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். தாரில் அந்தப் பல் சீக்கிரம் தேயும், ஆடும், வயசானவர்களுக்குக் கால் பிசகும் என்றார். அப்படியானால் மெத்தை வைத்தது? அது தாருக்கு நல்லது, ஈரக் களிமண்ணில் வழுக்கிவிடும், கூர்மையான கல் மேல் வைத்தால் உள்ளே குத்தும் என்றார். குத்தினால் தெரிகிறவர்களுக்குப் பரவாயில்லை.

நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு மாட்டுக்கு லாடம் கட்டினது ஞாபகம் வந்தது.

என்னிடம் ஒரு ஜோடி மாடு இருந்தது. அதே ஜோடிதான் சேற்றில் உழ வேண்டும், அதே ஜோடிதான் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போக வேண்டும். தார் ரோட்டில் லாடம் இல்லாமல் போனால் குளம்பு தேய்ந்து ரத்தம் வரும். லாடத்தோடு சேற்றில் இறக்கினால் சேறு இழுக்கும், ஆணி ஆடும், வரப்பில் ஏறும்போது வழுக்கும். லாடம் கட்டுகிறவர், அவரும் இதே கேள்வியைத்தான் கேட்பார்: "ரோட்டுக்கா, கழனிக்கா?" நான் ரெண்டுக்கும் என்பேன். "ரெண்டுக்கும்னு ஒண்ணு கெடையாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் போட்டு மாட்டைச் சாய்ப்பார். கட்டி முடித்ததும் நடக்கவிட்டுப் பார்ப்பார். மாடு காலை வைக்கிற விதத்திலேயே ஆணி ஆழமாக ஏறிவிட்டதா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு முறை மட்டும் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இடத்து மாட்டுக்குப் பின்னங்காலில் ஆணி கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தது. பாரம் ஏற்றி ரோட்டுக்கு வந்ததும் மாடு நின்று நின்று போனது. சண்டித்தனம் பண்ணுகிறது என்று நினைத்து ஆலை வாசல் வரைக்கும் அடித்து ஓட்டினேன். அங்கே அவிழ்த்துவிட்டபோது அது அந்தக் காலைத் தூக்கியபடியே நின்றது. லாடத்தைப் பிரித்தால் உள்ளே கறுத்திருந்தது. அது ஒரு சத்தம் போடவில்லை. அதற்கு வலி இருந்தது, சொல்ல வாயில்லை. எனக்கு வாய் இருக்கிறது. கடைக்காரரிடம் சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

"இன்னா மாமா, தூங்கிட்டியா?" என்று மச்சான் தோளைத் தட்டினான்.

எதையும் வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்ததும் மச்சான் பொரிந்து தள்ளினான். "காலையிலேருந்து சுத்துறேன், காலு கடுக்குது எனக்கு."

"உனக்காவது கடுக்குது மச்சான்" என்றேன்.

என் மகள் சிதம்பரத்தில் இருக்கிறாள். ஒரு காலேஜ் ஆபீசில் வேலை. எங்கள் வீட்டில் மேஜை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் அவள்தான். நடந்ததைப் போனில் கேட்டுவிட்டு, "ரெண்டுக்கும் ஆவுற மாதிரி இப்ப வருதுப்பா. நான் பாத்து வைக்கிறேன், நீ கெளம்பி வா" என்றாள்.

போனேன். அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு மேலவீதியில் ஒரு கடைக்கு அழைத்துப் போனாள். ஏசி போட்ட கடை. அங்கே வேலை செய்த பெண்ணுக்கு என் மகளைவிடப் பத்து வயசு குறைவாக இருக்கும். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கூச்சப்படாமல் கீழே முட்டி போட்டு உட்கார்ந்து என் காலைத் தன் கையால் எடுத்தாள். விரல் இல்லாத இடத்தைப் பார்த்தாள்.

அவள் கொண்டுவந்த ஷூவின் அடியில் பல் இருந்தது, ஆனால் புளியங்கொட்டை அளவுக்குத்தான், நெருக்க நெருக்கமாக. நடுவில் பட்டையாக இருந்தது. மூக்குப் பக்கம் கல் இடித்தால் தாங்குகிற மாதிரி ரப்பர் ஏறியிருந்தது.

"தார்லயும் போலாம், மண்ணுலயும் போலாம் தாத்தா. ஆனா ஒண்ணு, முழங்கால் சேறுன்னா வழுக்கும். ரெண்டுக்கும் ஆவும்னா ரெண்டுலயும் கொஞ்சம் கொறைச்சலாத்தான் ஆவும்."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. லாடம் கட்டுகிறவர் சொல்லாமல் விட்டதை அவள் சொல்லிவிட்டாள்.

காலில் மாட்டி, கயிறு கட்டி, எழுந்து நிற்கச் சொன்னாள்.

"எப்படி இருக்கு தாத்தா?"

நின்றேன். நடந்தேன். திரும்பி வந்தேன். கண்ணாடியில் பார்த்தேன், என் வேட்டிக்குக் கீழே இரண்டு நீல ஷூ இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

"தெரியலம்மா."

"புடிக்குதா? லூசா இருக்கா?"

"தெரியலம்மா."

அவள் ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "ஒரு வெரல் எடம் இருக்கு, சரியாத்தான் இருக்கணும்" என்றாள். அந்த நேரம் பார்த்து என் மகளுக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். நான்தான் அந்தப் பெண்ணிடம், இதில் இன்னும் சின்னது ஒன்று கொண்டுவா என்றேன். ஏன் கேட்டேன்? ஒன்றுமே தெரியாத ஒன்றை வாங்கிக்கொண்டு எப்படிப் போவது என்றுதான். அவள் ஒரு அளவு குறைத்துக் கொண்டுவந்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு அளவு குறைக்கச் சொன்னேன். கால் உள்ளே போகச் சிரமப்பட்டது. குதிகாலைத் தட்டித் தட்டி இறக்கினாள்.

எழுந்து நின்றேன்.

இருந்தது. என் கால் இருந்தது. இரண்டு பக்கமும் யாரோ கையால் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பிடி. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அது இரண்டும் என்னுடையது என்று தெரிந்தது. அடியெடுத்து வைத்தால், வைத்தது தெரிகிறது. கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாலு முறை நடந்தேன்.

"இதான்" என்றேன்.

"தாத்தா, இது டைட்டு. வெரல் முட்டுது பாருங்க."

"இல்லம்மா. இதுலதான் நல்லா தெரியுது."

மகள் உள்ளே வந்தாள். "அப்பா, நெசமா சரியா இருக்கா?"

"என் கால்ல எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். கேட்டதை இப்போது நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பணம் கட்டப் போய்விட்டாள்.

அந்த ஷூவோடு ஒரு வாரம் ராஜா மாதிரி நடந்தேன். மண்ணில் இறங்கும்போது கால் ஆடவில்லை, தாரில் ஏறும்போது இடிக்கவில்லை. டீக்கடையில் ஆளாளுக்குக் கேட்டார்கள். "பெருசு ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்துருக்குது போல." மோட்டார் கொட்டகைக்காரி, "மாமா, இப்ப ரெண்டு காலும் இருக்குது!" என்று கத்தினாள். நான் கையை ஆட்டிவிட்டு வேகமாகப் போய்க் காட்டினேன்.

சம்சாரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. விரலை எடுத்ததிலிருந்து தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் என் இரண்டு காலையும் பார்ப்பாள். எனக்குக் குனிந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க முடியாது. அவளுக்கும் ஒரு கண்ணில் புரை. செல்போன் லைட்டைப் போட்டு, மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு பார்ப்பாள். கண்ணை நம்பாமல் விரலாலும் தடவுவாள். அந்த வாரக் கடைசியில் வலது கால் சுண்டுவிரலில் நின்றாள்.

"இங்க செவந்து கெடக்குது."

"கயிறு உரசியிருக்கும்."

"கயிறு மேல இருக்குது, செவப்பு பக்கத்துல இருக்குது. ஷூ புடிக்குதுங்க."

"புடிச்சாத்தான் காலுக்கு நல்லது. எனக்குத் தெரியுதுல்ல?"

"இன்னா தெரியுது?"

"காலு தெரியுது."

அவள் லைட்டை அணைத்தாள். மறுநாள் நான் அந்த ஷூவைத்தான் போட்டேன். அதைக் கழற்றி வைக்க எனக்கு மனசு வரவில்லை. சிவப்பு என்று அவள் சொன்னது காதில் விழுந்தது, ஆனால் பிடி இருக்கிற காலில் என்ன கெட்டுப்போகும் என்று தோன்றியது. அதற்கும் மறுநாள் சிவப்பு கொஞ்சம் பெரிதானது. அவள் என்னோடு சண்டை போடவில்லை.

விடிந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், "இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். ஈரம் காய்ந்த ஓரத்தில் வெறுங்காலோடு நிற்கச் சொன்னாள்.

"இன்னாத்துக்கு?"

"நில்லுங்க. காலை நல்லா ஊனி நில்லுங்க."

நின்றேன். கோலமாவு டப்பாவோடு என் காலடியில் உட்கார்ந்தாள். வலது பாதத்தை ஒட்டி விரல் இடுக்கில் மாவை ஒழுகவிட்டுக்கொண்டே சுற்றி வந்தாள். கோகுலாஷ்டமிக்குக் குழந்தைக் காலை வரைகிறவள் கை, கோடு எங்கேயும் அறுந்துபோகவில்லை. பிறகு என் முழங்காலைத் தட்டி, "எடுங்க" என்றாள். காலை எடுத்தேன். தரையில் என் பாதம் வெள்ளையாக இருந்தது. அகலமாக, விரல் விரிந்து, வாத்துக்கால் மாதிரி. வெறுங்காலில் சேற்றில் நடந்தே வளர்ந்த கால் அப்படித்தான் இருக்கும்.

உள்ளே போய் வலது ஷூவை எடுத்துவந்து அந்த வெள்ளைக் கோட்டுக்கு நடுவில் வைத்தாள்.

ஷூவுக்கு இரண்டு பக்கமும் என் கால் வெளியே தெரிந்தது. சுண்டுவிரல் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே இருந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். தெருவில் பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னா பெரியம்மா, ஷூவுக்குக் கோலமா?" என்று கேட்டார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு பெரிய காலை இவ்வளவு சின்ன ஷூவுக்குள் தினமும் திணித்திருக்கிறேன், அது கத்தியிருக்கும், எனக்குப் பிடியாகக் கேட்டிருக்கிறது. ஆலை வாசலில் காலைத் தூக்கி நின்ற மாடு கண்ணுக்குள் வந்தது.

ஆனால் தாமதமாகிவிட்டது. அன்று சாயங்காலமே சிவப்பில் நீர் கோத்துக் கொப்புளமாகி இருந்தது. மறுநாள் கடலூருக்குப் போகும்போது அது உடைந்திருந்தது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்கள மாதிரி எல்லாருமே இதைத்தான் பண்றாங்க பெரியவரே. டைட்டா இருந்தாத்தான் தெரியுது, தெரியுறத சரின்னு நெனச்சிக்கிறாங்க. உங்களுக்குத் தெரியுற அளவுக்கு ஒரு ஷூ புடிச்சா அது தப்பான ஷூ. சரியான ஷூ ஒண்ணுமே தெரியாதது."

"அப்ப சரியா இருக்கான்னு எப்படி சார் கண்டுபுடிக்கிறது?"

"கண்ணால பாருங்க, கையால பாருங்க. கால நம்பாதீங்க."

புண் ஆறுகிற வரைக்கும் நடக்கக் கூடாது என்றார். நடக்காவிட்டால் சக்கரை ஏறும் என்று முன்னால் சொன்னதும் அவர்தான். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவரும் என்ன செய்வார்?

கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கிடந்தேன். மாத்திரை போய் ஊசி வந்தது. தினமும் கட்டைப் பிரிக்கும்போது மட்டும் சம்சாரத்தின் முகத்தைப் பார்ப்பேன். உதட்டை இறுக்கினால் நேற்றைவிட மோசம். மூச்சை விட்டால் பரவாயில்லை. காலைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு நாள் அவள் கண்ணை மூடி, ஸ்ரீமுஷ்ணம் பெருமாளுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்துவைத்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டதற்கு, "சொல்லக் கூடாது" என்றாள். சொல்லாமலே தெரியாதா?

அதற்குள் மகள் ஊருக்கு வந்து, ஒரு அட்டையில் என்னை இரண்டு காலாலும் ஊன்றி நிற்கவைத்து, பென்சிலால் கோடு இழுத்து வெட்டி எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனாள். பழைய ஷூவை அந்தக் கடையில் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள், அடிப் பல்லில் எங்கள் ஊர் மண் ஏறியிருந்தது. அந்தப் பெண் அட்டையைப் பார்த்ததும், "அந்த தாத்தா காலா? நான் அன்னைக்கே சொன்னேங்க்கா" என்றாளாம். சொல்லிவிட்டு, அதே ரகத்தில் இரண்டு அளவு பெரியதாக, முன்பக்கம் அகலமாக ஒன்றை எடுத்து, அட்டையை உள்ளே விட்டு, எங்கேயும் மடங்காமல் படுத்துக்கிடக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தாளாம். எங்கள் வீட்டுக்கு இப்படித்தான் சரியான ஷூ வந்தது. நான் கட்டிலில் இருந்தேன், அட்டைதான் கடைக்குப் போனது.

பழைய ஷூ மச்சானுக்குப் போனது. அவனுக்குக் கால் சின்னது. போட்டுக்கொண்டு இரண்டு எட்டு வைத்துவிட்டு, "மாமா, சும்மா மெத்து மெத்துன்னு இருக்குது" என்றான். எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. போடா என்று சொல்லிவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தான்.

ஒன்றரை மாசம் ஆனது புண் மூட. சுண்டுவிரல் தங்கிவிட்டது. அந்த இடத்தில் தோல் கறுத்து, சின்ன மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கிறது. அது மறுபடியும் திறக்கலாம், திறக்காமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இப்போது புது ஷூவில் நடக்கிறேன். அதில் ஒன்றும் தெரியாது. காற்றில் நடக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் சுகமான காற்று இல்லை. தாரிலிருந்து மண்ணுக்கு இறங்கும் இடத்தில் கண்ணால் பார்த்துத்தான் இறங்கினேன் என்று தெரிந்துகொள்கிறேன். காலையில் சம்சாரம் ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கையை விட்டு, நுனி வரைக்கும் துழாவுவாள். ஒரு நாள் புளியங்கொட்டை இருந்தது. ஒரு நாள் அவளுடைய கொண்டை ஊசியே இருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இது எப்படி இங்க வந்துச்சி, இது எப்படி இங்க வந்துச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு நான் நடக்கப் போகவில்லை.

மஞ்சள் துணியில் முடிந்துவைத்த ரூபாயைச் செலுத்தப் போன வாரம் அவள் தம்பியோடு ஸ்ரீமுஷ்ணம் போனாள். என்னையும் கூப்பிட்டாள். கோயில் வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டும், உள்ளே வெறுங்காலில் சூடான கல்லில் நடக்க வேண்டும். வேண்டாம் என்றுவிட்டேன். என் காலுக்காக வேண்டிக்கொண்ட கோயிலுக்கு என் காலால் போக முடியவில்லை. போகும்போது, "இன்னைக்கு ஒரு நாள் நடக்காம இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் கேட்கவில்லை. அவள் செய்கிற மாதிரியே ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. ஆனால் என் விரல் நுனியும் இப்போதெல்லாம் முன்னே மாதிரி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கயிறு கட்டிக்கொண்டு தார் ரோடு வரைக்கும் போனேன். பாதியிலேயே பயம் வந்துவிட்டது. வலது காலில் ஏதோ இருக்கிற மாதிரி நினைப்பு. நினைப்புதான், தெரிந்து வந்தது இல்லை. டீ குடிக்காமல் திரும்பிவிட்டேன். மோட்டார் கொட்டகைக்காரி, "இன்னா மாமா, பாதியிலே திரும்பிட்ட?" என்றாள். சும்மா என்றேன்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷூவைக் கழற்றவில்லை. கழற்றினால் பார்க்க வேண்டும். சோறு எடுத்துப்போட்டுச் சாப்பிட்டேன், ஷூவோடுதான். வெயில் சாய்ந்து, அவர்கள் வந்த பஸ் நின்ற சத்தம் கேட்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நெற்றியில் திருமண்ணோடு உள்ளே வந்தவள் என் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிரசாதப் பையை மச்சான் கையில் கொடுத்தாள்.

"போனீங்களா?"

"பாதி தூரம்."

திட்டுவாள் என்று நினைத்தேன். கீழே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். வலது ஷூவைக் கழற்றி, கையை விட்டுத் துழாவி, கவிழ்த்துத் தட்டினாள். என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு செல்போன் லைட்டைப் போட்டாள். மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரலில் அவள் விரல் நின்றது. தடவியது. நின்றது. மூச்சை விட்டாள்.

"அந்தக் காலைக் குடுங்க" என்றாள்.